நின்றுகொண்டு சொன்னால் செல்லுக்குக் கேட்காது

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கே, ஒரு செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஊசி பிடிக்கிறவள் சீனியம்மாள். வயது நாற்பத்தைந்து. அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை அளவு பார்க்க வருகிறவர்கள். அப்பாவைப் பெற்ற தாத்தா சீனிச்சாமியின் பெயர் வீட்டில் விளங்க வேண்டும் என்று பேத்திக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவள் போய் இந்த வேலையில் உட்காருவாள் என்று யார் கண்டது? புதிதாக வருகிறவர்கள் அவள் கோட்டில் குத்தியிருக்கிற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பேருலயே சீனிய வச்சிக்கிட்டு எங்களுக்குச் சுகர் பாக்கியளா?" என்பார்கள். ஆயிரம் தடவை கேட்ட வேடிக்கைதான். ஆயிரத்தோராவது தடவையும் சிரிப்பாள். எதிரே இருப்பவரும் சேர்ந்து சிரிக்கிற நேரத்தில் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும்.

அவள் கை அப்படி. நரம்பே தெரியாத பருத்த கையானாலும் இரண்டு விரலால் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அதோடு நின்றிருந்தால் நல்ல பெயர். ஊர் அதோடு நிறுத்தவில்லை. கைராசி என்று ஆக்கிவிட்டது.

அதற்குக் காரணம் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ மொத்த வியாபாரம் செய்யும் ஜெபசிங். ஒரு நாள் மத்தியானம் வேறொரு இடத்தில் பார்த்தபோது அவருக்குச் சுகர் முந்நூற்றுப் பத்து. அரண்டுபோய் மறுநாள் விடிந்ததும் சீனியம்மாளிடம் வந்தார். நூற்று அறுபத்தெட்டு. முதல் நாள் ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்ட கையோடு ரத்தம் கொடுத்ததையும், மறுநாள் வெறும் வயிற்றோடு வந்ததையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "அந்தம்மா கை பட்டதும் பாதியாக் கொறஞ்சிட்டு" என்பதை மட்டும் பூ மார்க்கெட் முழுக்கச் சொன்னார். மார்க்கெட்டில் காலை எட்டு மணிக்குச் சொன்ன விஷயம் பத்து மணிக்குள் பூவோடு சேர்ந்து தென்காசி வரைக்கும் போய்விடும்.

அன்றிலிருந்து, "அந்தக்கா வரட்டும், நாங்க இருக்கோம்" என்று சனம் வரிசையில் உட்கார்ந்தது. கூட வேலை பார்க்கும் ப்ரியதர்ஷினி, படித்து வந்த சூடு ஆறாத பிள்ளை, கையுறை மாட்டிக்கொண்டு சும்மா நிற்பாள். சீனியம்மாளுக்கு எரிச்சலாக வரும்.

"ரத்தத்துல என்ன இருக்கோ அதத்தான் மிஷின் காட்டும். என் கை எடுத்தாலும் எமன் கை எடுத்தாலும் ஒரே நம்பர்தான்" என்று சொல்லிப் பார்த்தாள். எமனைப் பற்றிப் பேசியதுதான் மிச்சம். நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். நிலையத்தின் சொந்தக்காரர் ஹபீப் முகம்மது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "போர்டுல நாம எழுதல சீனிம்மா. சனங்க வாயை நாம எதுக்கு மூடணும்?" என்றார்.

இப்படி ஊர் நம்பிக்கையைக் கண்டு எரிச்சல்பட்டவளுக்கு உள்ளே ஒரு நம்பிக்கை இருந்தது. அது நம்பிக்கைதான் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அதை அவள் ரத்தம் என்று நினைத்திருந்தாள்.

அவள் பிறந்தது கரிவலம்வந்தநல்லூரில். அப்பாவுக்கு நாற்பத்து மூன்றில் சுகர் வந்தது. வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஐம்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு நாற்பதில் வந்தது. திருப்பூரில் இருக்கும் அண்ணன் சங்கருக்கு நாற்பத்தொன்றில் வந்தது. "நம்ம வீட்டு ரத்தம் அப்படி" என்று அம்மா சொல்லிச் சொல்லி, வீட்டில் அது குலதெய்வம் மாதிரி ஆகிவிட்டது. வருவதா வராதா என்று யாரும் கேட்டதில்லை. எந்த வருடம் என்பதுதான் கேள்வி.

முப்பது வயதிலிருந்து சீனியம்மாள் இனிப்பைத் தொடவில்லை. கல்யாண வீடுகளில் பாயசம் வருகிறபோது இலையை மறைத்துக் கையை வைப்பாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யாரும் வருவதற்கு முன்னால் நிலையத்தைத் திறந்து, ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, தன் கையில் தானே ரத்தம் எடுப்பாள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட் அது. 'மூணு மாசச் சுகர்' என்பார்கள். சீட்டில் தன் பெயரை எழுத மாட்டாள். 'கோமதியம்மாள், வயது 60' என்று எழுதுவாள். அப்படி ஒரு கோமதியம்மாள் எங்கேயும் இல்லை. எண் மட்டும் வருடத்துக்கு வருடம் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐந்து புள்ளி மூன்று, ஐந்து புள்ளி ஐந்து. இந்த வருடம் ஆனி மாதம் மிஷின் ஆறு புள்ளி மூன்று என்று காட்டியது.

ஆறரைக்குக் கீழே இருந்தால் வியாதி இல்லை, வரம்பில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். வேறு யாருக்காவது அந்த எண் வந்திருந்தால் அவளே அப்படிச் சொல்லித் தைரியம் கொடுத்து அனுப்பியிருப்பாள். தனக்கு வந்ததும், "வந்துட்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் செய்த காரியத்தை அவளே பின்னால் சொல்லிச் சிரிப்பாள். நேராக ஒரு மிட்டாய்க் கடைக்குப் போய் கால் கிலோ அல்வா வாங்கி, கடை வாசலில் நின்றபடியே அத்தனையையும் தின்று தீர்த்தாள். நெய் முழங்கை வரைக்கும் வழிந்தது. பதினைந்து வருடம் காவல் இருந்து என்ன கண்டோம் என்ற ஆத்திரம். வீட்டுக்கு நடந்து போகிற வழக்கத்தை விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். மறுநாள் கணவன் ராஜேஷ்குமாரிடம், "வரும்போது அல்வா வாங்கிட்டு வாங்க" என்று போனில் சொன்னாள். ராஜேஷ்குமார் விசைத்தறிகளுக்குப் பழுது பார்க்கிறவன். தறிச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று வெளியே வந்து இன்னொரு தடவை கேட்டான். அல்வாதான். பொண்டாட்டி வாய் திறந்து கேட்டுவிட்டாள் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க அல்வா, ஜாங்கிரி, பால்கோவா என்று தினம் ஒரு பொட்டலம். பாவம், அவனுக்கு விஷயம் தெரியாது.

இப்படி அவள் விதியின் மடியில் சாய்ந்து இனிப்புத் தின்றுகொண்டிருந்த நாளில்தான் தங்கசாமி வந்தார்.

மேலநீலிதநல்லூர் ரேஷன் கடையில் முப்பது வருடம் எடை போட்டுவிட்டு ஓய்வுபெற்றவர். இப்போது சங்கரன்கோவிலில் மகள் வீட்டோடு இருக்கிறார். தொந்தி மட்டும் முன்னால் வரும். சீனியம்மாள் கையால்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து கையை நீட்டினார்.

"தாயி, ஒரு சந்தேகம். செல்லு நாம சொல்லுததக் கேக்குமாமே?"

"எந்தச் செல்லு அண்ணாச்சி? புதுசா வாங்கியிருக்கியளா?"

"போன் இல்ல தாயி. ஒடம்புல இருக்க செல்லு."

கல்யாண மண்டபத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து பேசினாராம். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் நாம் நினைப்பதைக் காது கொடுத்துக் கேட்கிறது, நினைப்பை மாற்றினால் ஜீனே மாறிவிடும், காலையும் மாலையும் 'எனக்குச் சுகர் இல்லை' என்று நூற்றெட்டுத் தடவை சொன்னால் போதும் என்றாராம். தங்கசாமி இருபது நாளாக ஈஸி சேரில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லுகிற வேகத்தில் ராத்திரி மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

மிஷின் பத்து புள்ளி நான்கு என்றது.

சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. "உங்க கைராசிக்கே இம்புட்டா?" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளையின் குரல். சீனியம்மாளுக்கு வந்த கோபம் பாதியில் நின்றது. மாத்திரையை நிறுத்தியது தப்பு என்று சத்தம் போட்டால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஈஸி சேருக்குத்தான் போவார். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, அவுக சொன்னதுல ஒண்ண விட்டுட்டாக. உக்காந்துக்கிட்டோ நின்னுக்கிட்டோ சொன்னா செல்லுக்குக் கேக்காது. நடந்துக்கிட்டே சொல்லணும்."

"அப்படியா?"

"ஆமா. ஆடி பொறந்தாச்சுல்லா? கோயில்ல ஆடிச்சுத்து நடப்பாகளே, அது மாதிரி நடங்க. சுத்துக்கு ஒரு தடவ சொன்னாப் போதும். இன்னொண்ணு, வாயில மாத்திரையப் போட்டுத் தண்ணி குடிச்ச பொறவுதான் அது வேல செய்யும். டாக்டரம்மா எழுதிக் குடுத்தது ஒண்ணு கொறையக் கூடாது."

இருபத்திரண்டு வருட வேலையில் அவள் நோயாளியிடம் சொன்ன முதல் பொய் அது. பக்கத்தில் நின்ற ப்ரியதர்ஷினிக்குக் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

தங்கசாமி யோசித்தார். "அப்ப நீங்களும் வாங்க தாயி."

"நான் எதுக்கு?"

"தொந்தியத் தூக்கிக்கிட்டு நான் மட்டும் முணுமுணுத்துக்கிட்டுச் சுத்துனா பைத்தியம்னு நெனப்பாக. கூட ஒரு ஆள் இருந்தா பேசிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்லா?"

பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டாயிற்று. சரி என்றாள்.

அவரை அனுப்பிவிட்டு, அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சண்முகப்ரியாவுக்குப் போன் செய்து மாத்திரை விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் நாளைக்கே வரச் சொன்னார். போனை வைக்கும் முன்னால் சீனியம்மாள், தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்பதாகச் சொல்லி, குடும்பத்தில் எல்லாருக்கும் இருந்தால் அது வந்தே தீரும்தானே என்று கேட்டாள்.

"வாய்ப்பு அதிகம். வந்தே தீரும்னு சொல்ல முடியாது. நெனச்ச மாத்திரத்துல ஜீன் மாறாதும்மா. ஆனா எந்த ஜீன் எவ்வளவு வேல செய்யணுங்கது கொஞ்சம் மாறும். நடந்தா மாறும், தூங்குனா மாறும், எந்நேரமும் பயந்துக்கிட்டே இருந்தா அதுக்கும் மாறும். வரும் வரும்னு ஒக்காந்திருந்தா மட்டும் சீக்கிரம் வரும்" என்றார் டாக்டர். "யாரு அந்தத் தெரிஞ்சவுக?"

"ஒருத்தங்க. கோமதியம்மாள்னு."

மறுநாள் சாயங்காலம் கோயிலில் நல்ல கூட்டம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. ஆடிச்சுற்று நடக்கிறவர்களின் கால்வலியை அம்மனே வாங்கிக்கொள்வாள் என்பது ஊர் வழக்கு. அதை நம்பி நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று நேர்ந்துகொண்டு குழந்தையை இடுப்பில் இடுக்கியவர்களிலிருந்து தடி ஊன்றியவர்கள் வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கசாமி புது வேட்டி கட்டி வந்திருந்தார். முதல் சுற்று முடிந்ததும் ஞாபகமாக, "எனக்குச் சுகர் இல்ல" என்றார். ரேஷன் கடைத் தொண்டை; மெதுவாகச் சொன்னாலும் பத்தடிக்குக் கேட்டது.

பின்னால் வந்த ஒரு பெண் எட்டி நடந்து வந்து, "என்ன மந்திரம்ண்ணே அது?" என்று கேட்டாள்.

"செல்லுக்குச் சொல்லுதது."

"எனக்குச் சுகர் இல்லையே. மூட்டுவலிதான்."

"அப்ப அதச் சொல்லுங்க."

அவள் அடுத்த சுற்றில் "எனக்கு மூட்டுவலி இல்ல" என்று ஆரம்பித்தாள். அவளோடு வந்தவள், "எனக்கு மாமியார் இல்ல" என்றாள். மாமியார் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தார். "இருக்கேன்ட்டி" என்று அவர் சொன்னதும் அந்தப் பக்கமே சிரித்துவிட்டது. சீனியம்மாள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றாள். அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

முதல் நாள் பதினொரு சுற்றில் தங்கசாமிக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் இருபத்தொன்று. சீனியம்மாள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏழாம் நாள், பதினாலாவது சுற்றிலோ என்னவோ, 'கொறையும், கொறையும்' என்று உள்ளே ஏதோ காலடிக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். வெட்கமாக இருந்தது. யாருக்காவது கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். நிறுத்தவில்லை.

தபசுக் காட்சி முடிந்து ஊர் வெறிச்சோடியது. மறுநாள் ஐந்தரைக்கு அவள் வேலை முடித்து வெளியே வந்தபோது செருப்புக் கடை வாசலில் தங்கசாமி நின்றார். "திருவிழா முடிஞ்சா செல்லுக்குக் காது அடச்சிருமா?" என்று கேட்டார். அவளும் கூட நடந்தாள். ரயில்வே ஸ்டேஷன் வரை போய், ரத வீதிகளைச் சுற்றித் திரும்பினார்கள். இரண்டு வாரத்தில் ப்ரியதர்ஷினி சேர்ந்துகொண்டாள். ராஜேஷ்குமாருக்கும் விஷயம் தெரிந்தது. ஆறு புள்ளி மூன்றைப் பற்றியும் அவனிடம் சொன்னாள். "நான் வேற தெனம் அல்வா வாங்கியாந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டான். பிறகு மிட்டாய்க் கடைப் பொட்டலத்துக்குப் பதிலாக நிலக்கடலை வந்தது. மாதம் ஒரு ஞாயிறு மட்டும் இருவருமாக ஒரு துண்டு அல்வாவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பயமில்லாமல் சாப்பிட்ட அல்வாவின் ருசியே வேறு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசி பிறந்ததும் தங்கசாமி மறுபடி கையை நீட்டினார். ஏழு புள்ளி இரண்டு. டாக்டர் சண்முகப்ரியா சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையும் நடையும் இப்படியே போகட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டவே தங்கசாமி ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு திரும்பி வந்தார். சுகருக்குப் பழமா என்று அவரே யோசித்து, அதை ஹபீப் பாயிடம் கொடுத்தார்.

சீனியம்மாளுக்கு மனசு உறுத்தியது. அவரைத் தனியே அழைத்து, "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். நடந்துக்கிட்டே சொன்னாத்தான் செல்லுக்குக் கேக்கும்னு சொன்னேன்லா, அது நானாச் சொன்னது. நீங்க மாத்திரைய விட்டுறக் கூடாதேன்னு சொன்னேன்" என்றாள்.

"தெரியும் தாயி."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. முப்பது வருசம் ரேஷன் கடையில இருந்தவன். பொய்யக் கையில தூக்குனாலே எடை சொல்லிருவேன்."

"தெரிஞ்சேவா நடந்திய?"

"பொய்யா இருந்தா என்ன? நடந்துக்கிட்டுச் சொல்லுதப்ப நல்லாருந்துச்சு. மண்டபத்துல அந்தாள் சொன்னதச் சொல்லையில எனக்கே பயம். கொறையலன்னா என் நெனப்புதான் சரியில்லன்னு ஆயிரும்லா. நீங்க சொன்னதுல அந்த வம்பு இல்ல. நடந்தா ஆச்சு." அவர் தொந்தியைத் தட்டிக் காட்டினார். அது கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "இதுல மாத்திர எம்புட்டு, நட எம்புட்டு, நம்பிக்க எம்புட்டுன்னு பிரிச்சுக் காட்டுத மிஷின் இருக்கா உங்ககிட்ட?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப விடுங்க."

அவர் போன பிறகு சீனியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து ப்ரியதர்ஷினியைக் கூப்பிட்டாள். கோட்டுக் கையை மடித்துவிட்டு, "எனக்கு எடு" என்றாள். பதினைந்து வருடத்தில் அவள் இன்னொருவரிடம் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. ப்ரியதர்ஷினி இரண்டு விரலால் நரம்பைத் தடவிப் பார்த்தாள். ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். சீட்டில் பெயர் எழுதப் போனவளிடம் சீனியம்மாள், "கோமதியம்மாள், அறுபதுன்னு போடு" என்றாள்.

ப்ரியதர்ஷினி பேனாவை நிறுத்தினாள். "மூணு மாசத்துக்கு ஒருக்கா வருவாங்களே, மொகமே பாத்ததில்லையேன்னு நான் தேடிக்கிட்டு இருந்த கோமதியம்மாள் நீங்கதானாக்கா?"

மிஷின் ஓடுகிற அந்தச் சில நிமிடம் சீனியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தாள். அவள் வீட்டில் அந்த எண் ஏறித்தான் பழக்கம். அப்பாவுக்கு ஏறியது, அக்காவுக்கு ஏறியது, அண்ணனுக்கு ஏறியது. இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"அக்கா. அஞ்சு புள்ளி எட்டு."

"சரியாப் பாரு."

"பாத்துட்டேன். ஆறு மூணுலருந்து அஞ்சு எட்டு. கோமதியம்மாளுக்குக் கொறஞ்சிருக்குக்கா."

சீனியம்மாள் எழுந்து வந்து தானே பார்த்தாள். சந்தேகப்பட்டு இன்னொரு தடவை ஓட்டினாள். ஐந்து புள்ளி எட்டுதான். வரம்பை விட்டு முழுசாக வெளியே வரவில்லை. அது அவளுக்குத் தெரியும். ரத்தம் அதே அப்பாவின் ரத்தம்தான், அதுவும் தெரியும். சீட்டில் எழுதியிருந்த கோமதியம்மாளை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே 'சீனியம்மாள், 45' என்று எழுதினாள். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே வரும்போது முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தது.

திருப்பூருக்குப் போன் போட்டாள். அண்ணன் சங்கர் பனியன் கம்பெனியில் இருந்தான்.

"ஏண்ணே, நம்ம வீட்டுல சுகர் எறங்கும் தெரியுமா?"

"என்னட்டி சொல்லுத? யாருக்கு எறங்குச்சு?"

"எனக்கு."

"ஒனக்கு ஏறுனதே எனக்குத் தெரியாதேட்டி" என்றான் அண்ணன். அப்புறம் இருவரும் அப்பாவைப் பற்றி, அக்காவைப் பற்றி, திருப்பூரில் காலையில் நடக்க இடம் உண்டா என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். நாளையிலிருந்து நடக்கிறேன் என்றான். நாளைக்கு என்று சொல்லாதே, இன்றைக்கே செருப்பை மாட்டு என்றாள் தங்கச்சி.

ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். வழக்கமான மூன்று பேரோடு அன்று ஹபீப் பாயும் வந்தார். கதலிப் பழம் முழுசையும் தின்றுவிட்டதாகவும் அதனால் பயமாக இருப்பதாகவும் சொன்னார். தெற்கு ரத வீதி திரும்பும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர்கள் அவசர அவசரமாகச் சாக்கை இழுத்து மூடினார்கள். தங்கசாமி செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ப்ரியதர்ஷினி துப்பட்டாவைத் தலையில் போட்டாள்.

சீனியம்மாளின் போன் அடித்தது. ராஜேஷ்குமார்.

"ஏட்டி, மழ கொட்டுது. வண்டியக் கொண்டாரட்டா?"

"வேண்டாங்க. இன்னும் ரெண்டு சுத்து இருக்கு" என்று சொல்லிவிட்டு, போனைப் பாலிதீன் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, முன்னால் போய்விட்டவர்களைப் பிடிக்க எட்டி நடந்தாள்.